ஒன்பது அங்குல நீலம்

ஏப்ரல் பிறந்தால் என்னைக் கூப்பிடுவார்கள்.
பனிக்கு வீசிய உப்பு
குளிர்காலம் முழுக்கக் கோட்டைத் தின்றிருக்கும்:
ஃபெரி தெருவில் பாதி,
தேவாலய வாசலில் முக்கால்,
சலூன் முன்னால் சுத்தமாக ஒன்றுமில்லை.
நகராட்சி வண்டி, இரண்டு டிரம் பெயிண்ட்,
ஒன்பது அங்குல உருளை, முழங்காலுக்கு ரப்பர் பட்டை.
பெயர் ஓர்வில் பெட்டிஃபோர்ட்.
சாலைத் துறை. பதினான்கு வருஷம்.
வரலாறு பார்க்க வருகிறவர்கள்
குனிந்து குனிந்து பின்தொடர்கிறார்களே
நடைபாதை நடுவில் ஒரு நீலக் கோடு,
அது என் கை.

முதலில் சிவப்பு என்றுதான் முடிவாகியிருந்தது.
கூட்டத்தில் இடெல்லா ஸ்ப்ரூயில் எழுந்து
"சிவப்புக் கோடு எங்களுக்கு ஏற்கெனவே ஒன்று போட்டீர்கள்" என்றாள்.
மேற்கொண்டு பேசவில்லை.
கைப்பையை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.
வங்கி மேசையில் விரித்த வரைபடத்தில்
எங்கள் பதினோரு தெருவைச் சுற்றி வளைத்த மசி அது.
அதற்குள் வீடு வாங்கக் கடன் இல்லை,
ஒழுகும் கூரையை மாற்றக் கடன் இல்லை.
அந்தக் கோட்டை எந்த உப்பும் தின்றதில்லை.

பெயிண்ட் கடையில் சிவப்புதான் மலிவு.
இருந்தாலும் நீலம் வந்தது.

படகுத்துறைப் படியில் தொடங்கும்.
எதிர்க்கரை அன்று அடிமை மாநிலம்,
இந்தக் கரை, சட்டப்படி, அல்ல.
சட்டப்படி என்ற சொல்லுக்குப் பிறகு
வழிகாட்டி ரானெல் ஒரு மூச்சு நிறுத்துவாள்;
அந்த மூச்சுக்குத்தான் அவளுக்குச் சம்பளம் என்பேன் நான்.
அப்புறம் தொப்பி தைத்தவளின் வீடு.
மேலே ஷெரீஃப் மனைவியின் தலைக்கு அளவெடுக்கையில்
கீழே ஆறு பேர் இருமலை விழுங்கிக்கொண்டு இருந்தார்களாம்.
இப்போது அங்கே காபி ஏழு டாலர்.
பள்ளிக்கூடக் கல்வெட்டில் ஒரு பெயருக்கு எழுத்துப் பிழை.
திருத்தச் சொல்லி மூன்று கடிதம் போயிருக்கிறது.
நாலாவதை நான் எழுதினேன், என் எழுத்திலும் பிழை.

ஆல்டர் தெரு முனையில்
கோடு இடப்பக்கம் திரும்ப வேண்டும். உத்தரவு அப்படி.
நேரே போனால் சங்கிலி போட்ட கார் நிறுத்துமிடம்,
எண்பத்திரண்டு கார்.
போன வருஷம் எரிவாயுக் குழாய்க்கு அங்கே தோண்டியவன்
என் கூட்டாளி வெண்டெல்.
எலும்பில் செய்த பொத்தான் நாலு வந்தது.
பிறகு
அந்தப் பொத்தான் மூடியிருந்தது வந்தது.
மூன்று நாள் நீல நாடா கட்டி வைத்தார்கள்.
நாலாம் நாள் தார் லாரி.
வெண்டெல் அதற்குப் பிறகு சட்டையில் மேல் பொத்தானைப் போடுவதில்லை;
ஏன் என்று நானும் கேட்டதில்லை.

இந்த ஏப்ரலில் அந்த முனையில் என் கை திரும்பவில்லை.
துணிச்சல் என்று எழுதிவிடாதீர்கள்.
உருளை நேரே போனது, நானும் போனேன்,
சங்கிலிக்கு அடியில், நாற்பதுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவே.
ஐம்பத்தேழில் பெயிண்ட் தீர்ந்தது.

திங்கட்கிழமை க்ரேடி கூப்பிட்டார்.
கத்தவில்லை. நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டார்.
"எனக்குப் புரிகிறது ஓர்வில். ஆனாலும் அழித்துவிடு."
தார்மேல் போட்ட கோட்டை அழிக்க
எங்கள் கிடங்கில் இருப்பது ஒரே வழி:
அதன் மேலேயே கறுப்பு அடிப்பது.
எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார்,
பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சொன்னதைத்தான் செய்தேன்.
வேலைச் சீட்டில் கையெழுத்து இருக்கிறது.
ஆனால் அந்தத் தார் வெயிலில் வெளுத்துச்
சாம்பல் நிறமாகிப் போயிருந்தது.
அதன் மேல் என் கறுப்பு
கறுப்பாகவே கிடக்கிறது;
மழை பெய்தால் பளபளக்கிறது.

"அது என்ன கோடு?" என்று
நேற்று யாரோ ரானெலைக் கேட்டார்கள்.
வரைபடத்தில் இல்லை என்றாள்.
சொல்லிவிட்டுச் சங்கிலியைத் தூக்கிப் பிடித்தாள்.
குடைகளை மடக்கிக்கொண்டு
கார்களுக்கு நடுவே
ஒருவர் பின் ஒருவராக,
கோட்டை மிதிக்காமல்.